விட்ட ஜிம்முக்குத் திரும்புகிறவர்களுக்கு: கேள்வி பதில்

இடைவெளிக்குப் பிறகு ஜிம்முக்குத் திரும்புகிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். உயர்தரப் பரீட்சை, கொழும்பு வேலை, பிள்ளைப்பேறு, டித்வா புயலோடு மூடிப்போன பாதை என்று ஆளுக்கொரு காரணத்தோடு நிறையக் கேள்விகள் வந்தன. ஹட்டனில் 14 வருடமாகப் பயிற்சி கொடுக்கிறவன் நான், வைத்தியர் இல்லை. அந்த எல்லைக்குள் நின்று பதில் சொல்கிறேன்.

ஹட்டன்: மாஸ்டர், வயது 34. மூன்று வருடம் விடாமல் செய்தேன். படுத்துக் கம்பியைத் தள்ளும் பெஞ்ச் 80 கிலோ, தோளில் கம்பியோடு உட்கார்ந்து எழும்பும் ஸ்குவாட் 100 கிலோ வரை போனது. வேலை மாறியதில் 8 மாதம் விட்டுப்போச்சு. முன்பு நாளுக்கு உடம்பில் ஒரு பாகம், கிழமையில் 5 நாள். அதையே தொடங்கட்டுமா?

வேண்டாம் தம்பி. நாளுக்கொரு பாகம் என்றால் திங்கட்கிழமை நெஞ்சுக்கு மட்டும் 15, 16 செட் (இடையில் ஓய்வெடுத்துச் செய்யும் சுற்று) போகும். 8 மாதம் சும்மா இருந்த தசை அதைத் தாங்காது. வலி அன்றைக்குத் தெரியாது, இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். புதன்கிழமை சட்டை போடவே கை உயராது, வியாழன் ஜிம்முக்கு வர மாட்டீர்கள். திரும்பி வந்த இரண்டாவது கிழமையிலேயே காணாமல் போன பலரை இப்படித்தான் இழந்திருக்கிறேன்.

முழு உடம்புக்கும் கிழமையில் 3 நாள் செய்யுங்கள். ஒரு நாள் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், குனிந்து இழுக்கும் ரோ, முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகை போலப் பிடிக்கும் பிளாங்க். அடுத்த முறை இடுப்பிலிருந்து குனிந்து நிமிரும் ருமேனியன் டெட்லிஃப்ட், தலைக்கு மேல் தள்ளும் ஷோல்டர் பிரஸ், மேலிருந்து நெஞ்சுக்கு இழுக்கும் லாட் புல்டவுன், ஒற்றைக் காலை முன்வைத்துச் செய்யும் ஸ்பிளிட் ஸ்குவாட். திங்கள், புதன், வெள்ளி என்று இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யலாம். முதல் இரண்டு கிழமை ஒவ்வொன்றிலும் 2 செட், செட்டுக்கு 10 ரெப், அதாவது 10 தடவை, போதும். பிளாங்கில் மட்டும் ரெப் இல்லை, பிடித்து நிற்பதுதான். அதற்குப் பிறகு 3 செட்.

எடைதான் முக்கியம். பழைய கொப்பியைப் பார்த்துத் தட்டுப் போடாதீர்கள். பாதியில் தொடங்குங்கள். பெஞ்ச் 40 கிலோ, அதாவது 20 கிலோ கம்பியில் பக்கத்துக்கு 10. ஸ்குவாட் 50. செட் முடியும்போது இன்னும் மூன்று ரெப் தூக்கியிருக்கலாம் என்று தோன்ற வேண்டும். கிழமைக்கு 5 கிலோ கூட்டினால் ஐந்தாவது கிழமையில் பெஞ்ச் 60, ஸ்குவாட் 70. அதற்குப் பிறகு வேகத்தைக் குறைத்து இரண்டரை கிலோவாகக் கூட்டுங்கள்.

இது மெதுவாகத் தெரியும், ஆனால் பயப்பட வேண்டாம். ஒரு தடவை கட்டிய தசை திரும்பி வருவது முதல் தடவையை விட வேகமாக நடக்கும். பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் செய்து 2024இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு 20 கிழமை தொடர்ந்து பயிற்சி செய்தது. இன்னொரு குழு 10 கிழமை செய்து, 10 கிழமை முழுதாக விட்டு, மறுபடி 10 கிழமை செய்தது. முடிவில் இரண்டு குழுவின் பலமும் தசை அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இடைவெளியில் இழந்ததைத் திரும்பி வந்த 5 கிழமைக்குள் மீட்டுவிட்டார்கள். உங்கள் 8 மாதத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கலாம், ஆனால் வழி அதுதான்.

ஆபத்தும் இதே இடத்தில்தான் இருக்கிறது. தசை சீக்கிரம் திரும்பும், தசைநாண் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. தசையையும் எலும்பையும் கட்டிவைத்திருக்கிற அந்த நாண் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். 2020 ஊரடங்கு முடிந்து நான் திரும்பியபோது மூன்றாவது கிழமையே உடம்பு லேசாக இருந்தது. பழைய எடையைத் தூக்கினேன். தசை தூக்கிக் கொடுத்தது, முழங்கை நாண் தாங்கவில்லை. அடுத்த 4 மாதம் பால் பக்கெட்டைக் கூட வலக்கையால் தூக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஜிம்முக்குத் திரும்பும் எவரையும் முதல் நாள் பாதி எடைக்கு மேல் தொட விட்டதில்லை.

நுவரெலியா: கொழும்பில் 2 வருடம் வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். அங்கே அரை மணி நேரம் ஓடுவேன். இங்கே 10 நிமிடத்தில் மூச்சு வாங்குது. உடம்பு கெட்டுப்போச்சா அண்ணே?

உடம்பு கெடவில்லை, நீங்கள் ஏறி வந்திருக்கிறீர்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் அந்த அளவுக்குக் குறையும். போதாததற்கு உங்கள் ஊரில் சமதரையும் குறைவு. இரண்டு, மூன்று கிழமை பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் மட்டும் ஓடுங்கள், மேட்டில் நடங்கள். எடை தூக்குவதில் இந்த உயரம் பெரிய வித்தியாசம் செய்யாது, செட்டுக்கு இடையில் ஒரு நிமிடம் கூடுதலாக ஓய்வெடுத்தால் சரி. காலைக் குளிரில் நேராகக் கம்பியைப் பிடிக்காமல் 10 நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

கொட்டகலை: 6 மாதம் விட்டுட்டேன். முதல் நாள் நெஞ்சும் டிரைசெப்ஸும் செய்யலாமா?

ஹட்டன் தம்பிக்கு எழுதியதே உங்களுக்கும். முழு உடம்பு, பாதி எடை.

மஸ்கெலியா: எங்கம்மா 30 வருடம் மலையேறித் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். 20 கிலோ சுமப்பார். ஜிம் வாசலையே பார்த்ததில்லை. தோட்டத்து ஆட்களுக்கு இந்த செட், ரெப் எல்லாம் எதுக்கு மாஸ்டர்? பழையபடி மலையில் ஏறி இறங்கினால் போதாதா?

இந்தக் கேள்வியை ஜிம்மிலும் அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். போதாது.

பயிற்சி என்றால் மூன்று விஷயம் சேர வேண்டும். சுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும், நடுவில் ஓய்வு வேண்டும், கட்டுவதற்குச் சாப்பாடு வேண்டும். மலையில் இந்த மூன்றும் இல்லை. நாளுக்கு 18, 20 கிலோ கொழுந்து என்பது பத்து வருடத்துக்கு முன்பும் அதே கணக்கு, இன்றும் அதே கணக்கு. உடம்பு அதற்குப் பழகிய பிறகு பலம் கூடுவதில்லை, தேய்மானம்தான் கூடுகிறது. விரல்களும் முன்னங்கையும் நாள் முழுக்க ஒரே அசைவைச் செய்கின்றன. கயிற்றைத் தலையில் மாட்டிக் கூடையை முதுகில் போட்டதும் கழுத்து முன்னால் தள்ளுகிறது. சரிவில் குனிந்தபடியே எட்டு மணி நேரம். முதுகை நிமிர்த்தும் தசைக்கும் தோளைப் பின்னால் இழுக்கும் தசைக்கும் அங்கே முறையான பயிற்சி கிடையாது.

மஸ்கெலியா, மறுபடியும்: அப்ப எங்கம்மா உழைச்சது வீணா?

அப்படி நான் சொல்லவே இல்லை. என் அம்மாவும் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்று மலைக்குப் போனவர்தான். அந்த உழைப்பில்தான் நானும் நீங்களும் படித்தோம். ஆனால் உழைப்பு உடம்பிலிருந்து எடுக்கிறது. பயிற்சி, அளவாகச் செய்தால், உடம்புக்குத் திருப்பிக் கொடுக்கிறது. ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி இதயத்துக்குச் செய்கிற நன்மையை நாள் முழுக்கச் செய்யும் கடின வேலை அதே மாதிரிச் செய்வதில்லை என்று ஆய்வாளர்களும் கவனித்திருக்கிறார்கள். அம்மாவிடம் கழுத்தும் இடுப்பும் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

பண்டாரவளை: நான் மஸ்கெலியாக்காரர் பக்கம். எங்கப்பா தேயிலைச் செடியைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டியவர். 60 வயதிலும் கை மடக்குவதில் என்னைத் தோற்கடிப்பார்.

நம்புகிறேன். கவ்வாத்துக் கத்தி பிடித்த கையின் பிடி லேசானது இல்லை. இப்போது அப்பாவைச் சுவரில் முதுகு ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். இடுப்பை வளைக்காமல் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பின்சுவரைத் தொடச் சொல்லுங்கள். அப்புறம் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 10 தடவை எழும்பச் சொல்லுங்கள். எந்த இடத்தில் முடியாமல் நிற்கிறார் என்று பாருங்கள். ஒரு இடம் இரும்பாகவும் பக்கத்து இடம் துருவாகவும் இருப்பதைத்தான் நான் சொல்கிறேன்.

பொகவந்தலாவை: மாஸ்டர், அம்மா இன்னும் கொழுந்துக்குப் போறாங்க. வயது 48. கழுத்து வலி. ஜிம்முக்கெல்லாம் வர மாட்டாங்க. வீட்டில் என்ன செய்யச் சொல்லலாம்?

இன்றைக்கு வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இது தங்கச்சி. கையில் மரத்துப்போதல் அல்லது பலமின்மை இருந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். வெறும் இறுக்கம் என்றால் வேலையில்லாத இரண்டு நாளில் 10 நிமிடம் போதும். சுவரில் சாய்ந்து நாடியை (மோவாயை) உள்ளே இழுத்துத் தலையைச் சுவரில் மெல்ல அழுத்திப் பிடிப்பது, 5 எண்ணி, 8 தடவை. 5 லீட்டர் கேனில் பாதி தண்ணீர் நிரப்பி, ஒரு கையை மேசையில் ஊன்றி, மறு கையால் கேனை இடுப்புக்கு இழுப்பது, பக்கத்துக்கு 10. நாற்காலியிலிருந்து எழும்பி உட்காருவது 10. குனியும் பயிற்சி எதுவும் கொடுக்காதீர்கள், அது மலையில் தேவைக்கு மேல் நடக்கிறது. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை கேனில் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

இன்னொன்று. சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்க விடாதீர்கள். தேயிலை, சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். சோர்வு தீராவிட்டால் இரத்தச்சோகை இருக்கிறதா என்று ஒரு இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

இந்த வாக்குவாதத்தில் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். தொடர்கிறேன்.

பதுளை: டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்து 12 நாள். எப்ப தொடங்கலாம்?

அதை உங்கள் வைத்தியர் சொல்ல வேண்டும், நான் இல்லை. இரத்த அறிக்கை சரியாகி அவர் சம்மதித்த பிறகும் முதல் இரண்டு கிழமை நடை மட்டும்.

தலவாக்கலை: ஒரு வருஷ கேப். நாளுக்கொரு பாகமாகப் பிரிக்கும் ஸ்பிளிட் 5 நாள் நல்லதா, 6 நாள் நல்லதா?

இரண்டும் இல்லை. இதே கேள்வி இது நான்காவது. தயவுசெய்து முதல் பதிலை வாசித்துவிட்டு அனுப்புங்கள். பாதி எடை, 3 நாள்.

ஹாலிஎல: சிசேரியன் ஆகி 5 மாதம். முன்பு ஜிம் போனவள். வயிற்றுக்கு என்ன பயிற்சி?

முதலில் வைத்தியரிடம் வயிற்றுத் தசை நடுவில் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகு நடை, மூச்சோடு சேர்த்து அடிவயிற்றையும் இடுப்புத்தளத் தசையையும் இறுக்கித் தளர்த்துவது, எடையில்லா ஸ்குவாட், படுத்து இடுப்பைத் தூக்குவது. சிட்அப் இப்போது வேண்டாம். தூக்கும்போது சிறுநீர் கசிந்தாலோ கீழே பாரமாக இறங்குவது போலிருந்தாலோ எடையைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், இதற்குப் பயிற்சி சிகிச்சை இருக்கிறது.

வெலிமடை: புரோட்டீன் பவுடர் இல்லாமல் பழைய உடம்பு வருமா? விலை கட்டுப்படியாகல.

வரும். உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும், 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். 4 முட்டையில் 24, காய்ந்த சோயா மீட் 50 கிராமில் 25, சமைக்காத பருப்பு 100 கிராமில் 24, ஒரு கிளாஸ் பாலில் 6. சோற்றிலும் பாணிலும் சேர்வதோடு ஒரு துண்டு கோழியோ மீனோ இருந்தால் கணக்கு முடிந்தது. வாங்க வசதி இருந்தால் பவுடர் சௌகரியம், அவ்வளவுதான்.

அதே ஊர், வேறொருவர்: உடம்பு ஏற்றும் ஊசி போட்டால் சீக்கிரம் வருமாமே?

என்னிடம் கேட்காதீர்கள். யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

நோர்வூட்: சீசனுக்கு சிவனொளிபாதமலை ஏறணும். ஒரு வருடமாக எந்தப் பயிற்சியும் இல்லை. போன தடவை இறங்கிய பிறகு 4 நாள் கழிப்பறையில் உட்கார முடியல.

ஏறியதால் வந்த வலி இல்லை அது, இறங்கியதால் வந்தது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. நல்லதண்ணி வழியில் 5,000 படிக்கு மேல், அத்தனை தடவை பிரேக். அதனால் ஏறும் பயிற்சியை விட இறங்கும் பயிற்சிதான் தேவை. வீட்டுப் படியில் நின்று ஒரு காலை 3 எண்ணி மெல்லக் கீழே இறக்கி, குதிக்காலால் தரையைத் தொட்டு மேலே வாருங்கள். காலுக்கு 8, இரண்டு செட், கிழமையில் இரண்டு தடவை, போவதற்கு 5 கிழமை முன்பிருந்து. முதல் தடவை வலிக்கும், அடுத்த தடவை அவ்வளவு வலிக்காது. தசை அந்த அதிர்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளும். கடைசி 4 நாள் எதுவும் செய்யாமல் விடுங்கள்.

கினிகத்தேனை: 7 மாதத்துக்குப் பிறகு முந்தாநாள் கால் பயிற்சி. நண்பனோடு போட்டி போட்டு 20 செட் செய்தேன். இப்ப தொடை வீங்கியிருக்கு, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போகுது. நிறைய வலி. என்ன ஓயின்ட்மென்ட் பூசலாம்?

இதை வாசிக்கும்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில், கடும் பயிற்சி செய்தேன், சிறுநீர் கறுத்துப் போகிறது என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். அளவு மீறி உடைந்த தசையின் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கலாம். வலி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், சில மாத்திரைகள் சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். பாதி எடை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

வட்டவளை: கடையை மூடிவிட்டு வந்தால் கிழமையில் 2 நாள்தான் முடியும், அதுவும் கடைசி பஸ்ஸுக்கு முன்னால். பிரயோசனம் இருக்கா அண்ணே?

நிச்சயமாக இருக்கிறது. தசைப் பயிற்சிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற குறைந்தபட்சமே கிழமைக்கு 2 நாள்தான். ஹட்டன் தம்பிக்கு எழுதிய இரண்டு பட்டியலில் செவ்வாய்க்கு ஒன்று, வெள்ளிக்கு ஒன்று. முதல் மாதம் 2 செட் என்றால் சூடாக்குவதோடு சேர்த்து 40 நிமிடம். பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.