மனச்சோர்வு, பதற்றத்துக்கான ஆப்களைச் சோதிப்பது எப்படி? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சுயஉதவி ஆப்கள் பெரியவர்களுக்குப் பயன்படுகின்றனவா என்று சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். வந்த கேள்விகளில் சில.

கேள்வி: ஆப் பயன்படுத்தியவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது என்று போட்டிருக்கிறார்கள். அது போதாதா அக்கா?

போதாது. பொதுவாக ரொம்ப முடியாமல் இருக்கும் வாரத்தில்தான் ஒருவர் சோதனைக்குப் பெயர் கொடுப்பார், அப்புறம் எதுவுமே செய்யாவிட்டாலும் பலருக்குக் கொஞ்சம் தணியும், அந்தப் பெருமை ஆப்புக்குப் போய்விடும். அதனால்தான் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் ஆப் கொடுக்கிறோம். இன்னொரு குழுவுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். சும்மா காத்திருக்கச் சொல்லியிருந்தால் ஆப் ஜெயிப்பது சுலபம். அவர்களுக்கும் உருப்படியாக ஏதாவது கொடுத்திருந்தால் வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கிவிடும். வோபாட் என்ற, அரட்டை மாதிரி பேசும் ஆப்பின் சோதனையை (2017) பாருங்கள்: 70 மாணவர்கள், இரண்டே வாரம், மறு குழுவுக்கு ஒரு மின்னூல். மனச்சோர்வில் ஆப் முந்தியது, பதற்றமோ இரண்டு குழுவிலுமே குறைந்தது.

கேள்வி: மனச்சோர்வை எப்படி அளக்கிறீர்கள்?

பெரும்பாலும் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாளால். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், அதிகபட்சம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய அளவு. பதற்றத்துக்கு ஜிஏடி-7 என்று இதே மாதிரி ஏழு கேள்விகள், அதிகபட்சம் 21. பிஎச்க்யூவின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்பது. இரவு இரண்டு மணிக்கு ஒருவர் அதில் 'கிட்டத்தட்ட தினமும்' என்று அழுத்தினால் அடுத்து என்ன நடக்கும், யார் கூப்பிடுவார்கள் என்று எழுதி வைக்காத சோதனையை நான் ஏற்கவே மாட்டேன்.

கேள்வி: ஆப்பை ஒரு வாரத்தில் விட்டுவிட்டேன். என்னிடம்தான் கோளாறா?

இல்லவே இல்லை. எதிலும் மனம் ஒட்டாததுதானே மனச்சோர்வின் அறிகுறி, அப்படி இருக்கிறவரிடம் தினமும் பயிற்சி செய் என்றால் எப்படி? 93 மனநல ஆப்களை ஆராய்ந்த 2019 ஆய்வில், நடுத்தரமான ஆப் ஒன்றை 15ஆம் நாளிலும் திறந்தவர்கள் 3.9 சதவீதம்தான். அதனால் கடைசிவரை இருந்தவர்களை மட்டும் எண்ணிச் சொல்லும் முடிவை நம்பாதீர்கள், பாதியில் போனவர்களும் கணக்கில் வர வேண்டும்.

கேள்வி: ஆப் இருக்கிறதே, மாத்திரையை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். மருத்துவரிடம் பேசாமல் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: இப்படி ஒரு சோதனைக்கு அழைப்பு வந்திருக்கிறது. சேரலாமா?

சேரலாம். ஒப்புதல் படிவத்தை நிதானமாகப் படியுங்கள். நீங்கள் எழுதுவதை யார் பார்ப்பார்கள், விளம்பர நிறுவனங்களுக்குப் போகுமா, காத்திருக்கும் குழுவில் விழுந்தால் ஆப் எப்போது கிடைக்கும், நடுவில் நிலைமை மோசமானால் யாரைக் கூப்பிடுவது, இதையெல்லாம் கேளுங்கள். காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இப்போதே தற்கொலை எண்ணம் இருந்தால் சோதனை, ஆப் எதற்கும் காத்திருக்காமல் இன்றைக்கே ஒரு மருத்துவரையோ உதவி எண்ணையோ அழையுங்கள்.