போனைக் கொடுத்த கையோடு ஆத்தாவைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: காரைக்குடியில் வங்கி ஊழியராக இருக்கிறேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஒன்பது வயது மகனை அறிவியல் மனப்பான்மையோடு வளர்க்க நினைக்கிறேன். ஆனால் எங்களோடு இருக்கும், என்னைப் பெற்ற ஆத்தா பஞ்சாங்கமும் கையுமாக அவனுக்கு மூடநம்பிக்கைகளை ஊட்டுகிறார். 2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணத்தன்று நிலா ஏன் சிவப்பாக இருக்கிறது என்று பையன் வந்து கேட்டான். மறுநாள் ஆடிட் இருந்ததால் யூடியூபில் பார்க்கச் சொல்லிப் போனைக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் ராகு என்கிற பாம்பு நிலாவைக் கவ்விய கதையை வரி பிசகாமல் சொல்கிறான். அறிவியல் மனப்பான்மை குடிமக்களின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தையே ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன், பயனில்லை. இனி பங்காளிகள் கூடுகிற பிள்ளையார் நோன்புக்குப் பையனைக் கூட்டிப்போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். தனிக்குடித்தனம் போவதுதான் வழியா?

பதில்: தம்பி, கடிதம் முழுக்க ஆத்தாவைப் பற்றிப் புகார் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் பட்டது அந்தப் போன்தான்.

அன்றைக்கு முழுக் கிரகணம் இரவு 11 மணிக்குத் தொடங்கி 12.22 வரை இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை தூக்கத்தை விட்டு, நிலாவை அண்ணாந்து பார்த்து, நிறம் மாறியதைக் கவனித்து, நேராக அப்பச்சியிடம், அதாவது தகப்பனான உங்களிடம் வந்து காரணம் கேட்டிருக்கிறான். நீங்கள் வளர்க்க ஆசைப்படுகிற மனப்பான்மை அவனுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதைப் படுக்கப் போகிற அவசரத்தில் ஒரு போனைக் கொடுத்துத் துரத்திவிட்டீர்கள். அந்த நேரத்தில் வீட்டில் விழித்திருந்த பெரியவர் யார்? கிரகணம் விடும்வரை கண் அசராத உங்கள் ஆத்தா. அவர் பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். விடிந்ததும் அவன் யார் சொன்னதைச் சொல்வான் என்று எதிர்பார்த்தீர்கள்?

எனக்கும் ராகுவில் நம்பிக்கை இல்லை. உங்கள் கட்சிதான். அதனால்தான் கோபம் அதிகமாக வருகிறது. நம் பக்கத்து ஆட்கள் பலரும் இப்படித்தான். 'இது மூடநம்பிக்கை' என்று சொல்ல ஒரு நிமிஷம் இருக்கிறது. எது உண்மை என்று விளக்க நேரம் இல்லை. பூமியின் நிழலுக்குள் போனாலும் நிலா முழுக்க இருண்டுவிடுவதில்லை. பூமியைச் சுற்றியுள்ள காற்று மண்டலம் சூரிய ஒளியைக் கொஞ்சம் வளைத்து நிழலுக்குள் விடுகிறது. அந்த நீண்ட வழியில் நீலம் சிதறிப்போக, சிவப்பு மிஞ்சி நிலாவில் விழுகிறது. அந்தி வானம் சிவப்பதும் இதனால்தான். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, அவனோடு போய் நிலாவைப் பார்த்திருக்கலாம். ஆடிட் அதனால் கெட்டுப்போயிருக்காது.

இன்னும் ஒன்று. ஆத்தாவின் பஞ்சாங்கத்தை நீங்கள் பகையாளியாகப் பார்க்கிறீர்கள். இன்றைக்கே அதை மகனோடு உட்கார்ந்து புரட்டுங்கள். பாம்புதான் கவ்வுகிறது என்றால், அது வருகிற நாளும் நேரமும் முன்கூட்டியே அச்சில் வந்தது எப்படி என்று அவனிடம் கேளுங்கள். பௌர்ணமிதோறும் ஏன் கிரகணம் வரவில்லை என்றும் கேளுங்கள். அவன் யோசிக்கட்டும், தப்பாகச் சொல்லட்டும். பிறகு எலுமிச்சம்பழத்தையும் டார்ச்சையும் வைத்துக் காட்டுங்கள். நிலாவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலான பௌர்ணமிகளில் அது பூமியின் நிழலுக்கு மேலேயோ கீழேயோ போய்விடுகிறது. சூரியன் போவதாக நமக்குத் தெரிகிற பாதையும் நிலாவின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளைத்தான் பஞ்சாங்கக் கணக்கில் ராகு, கேது என்கிறார்கள். கிரகணம் நிழலால் வருகிறது என்று கி.பி. 499-லேயே ஆரியபட்டர் எழுதிவிட்டார். அப்பத்தாவின் கையில் இருக்கிற புத்தகத்துக்குள்ளேயே கணக்கு இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிந்தால், கதையைக் கதையாக ரசிக்கவும் கணக்கைக் கணக்காகப் பார்க்கவும் அவனே பழகிக்கொள்வான்.

அரசமைப்புச் சட்டம் வாசித்தீர்களே, சிரித்துவிட்டேன். 1976-ல் சேர்த்த அந்தக் கடமைப் பட்டியலில் அறிவியல் மனப்பான்மைக்கு அடுத்த சொல்லே மனிதநேயம்தான். அதைப் பெற்றவளிடம் வாசிக்கும்போது விட்டுவிட்டீர்களா? 2002-ல் பிள்ளையைப் படிக்கவைக்கும் கடமையும் அதில் சேர்ந்தது. அது பெற்றோர் தலையில் இருக்கிறது, அப்பத்தா தலையில் இல்லை.

காரைக்குடியில் இருந்துகொண்டு, பிள்ளைக்கு அறிவியல் காட்ட இடமில்லை என்றும் சொல்ல முடியாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் இரும்பு ஏன் சீக்கிரம் துருப்பிடிக்கிறது, பேட்டரி எப்படி மின்சாரம் தருகிறது என்று பார்ப்பதே அங்கே வேலை. பொதுமக்களை உள்ளே விடுகிற நாள் எது என்று விசாரித்துப் பையனைக் கூட்டிப்போங்கள். அதுவரை நாலு ஆணியை உப்புத் தண்ணீரிலும் நாலு ஆணியை நல்ல தண்ணீரிலும் போட்டு, தினமும் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

நோன்புக்கு அவன் போகட்டும். நீங்களும் போங்கள். கோடி வேட்டியில் உருவிய 21 இழையைத் திரித்து, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு விழுங்கி இழை எடுப்பதைப் பார்த்தால் அவனுக்குக் கேள்வி வராமல் இருக்குமா? உங்களுக்கு இழை எடுக்க மனமில்லை என்றால் எடுக்காதீர்கள். ஏன் எடுக்கவில்லை என்று அவன் கேட்டால் சண்டையில்லாமல் சொல்லுங்கள். நம்பாதவர் எப்படி நடந்துகொள்வார் என்று பிள்ளை வேறு எங்கே பார்ப்பான்? பங்காளிகள் கூடுகிற இடத்தில் அவனை மட்டும் வீட்டில் பூட்டிவைத்தால், அறிவியல் என்றால் ஒதுங்கி நிற்பது என்றுதான் எடுத்துக்கொள்வான்.

ஆத்தாவிடம் கறாராக இருக்க வேண்டிய இடமும் உண்டு. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நாய்க்கடி, பாம்புக்கடி எதுவானாலும் முதலில் ஆஸ்பத்திரி. மந்திரிக்கிறேன், நேரம் பார்க்கிறேன் என்று அரைமணி நேரம்கூடத் தாமதிக்க விடாதீர்கள். தடுப்பூசித் தேதியும் அப்படியே. இதில் ஆத்தா வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. ராகு கதையால் யாருக்கும் உயிர் போகாது.

தனிக்குடித்தனம் வேண்டாம். போனால் ராத்திரியில் அவன் கேள்விக்குப் பதில் சொல்ல அந்த வீட்டில் போன் மட்டும்தான் விழித்திருக்கும். வயதானவரைத் தனியே விட்டுவிட்டுப் போகிற அப்பச்சியிடம் பையன் என்ன கற்றுக்கொள்வான் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? வீடு பார்க்கச் சொல்லிவைத்திருந்தால் புரோக்கரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.