"காத்து போச்சா?" – குடல் ஒப்பரேஷன் கேள்வி பதில்

சர்ஜிக்கல் வார்டில் மிஸ்ஸியாக (நர்ஸாக) இருந்து ஓய்வுபெற்றவள் நான். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, பால்மரம் (ரப்பர்) வெட்டினவர். மலத்தில் ரத்தம் வந்தது. மூலம் என்று ஒரு வருஷம் நாட்டுமருந்து சாப்பிட்டார். இப்போ ஈப்போவில் கேமரா விட்டுப் பார்த்து, பெருங்குடலில் கட்டி என்கிறார்கள். குடலை வெட்டினால் ஆள் தாங்குவாரா, அக்கா?

பதில்: பெரும்பாலும் தாங்குவார் தம்பி. பெருங்குடல் ஏறக்குறைய 1.5 மீட்டர். கட்டியுள்ள துண்டையும் அதையொட்டிய நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைப்பார்கள். சத்தை உறிஞ்சுவது சிறுகுடல். பெருங்குடலுக்குத் தண்ணீரை இழுப்பதுதான் முக்கிய வேலை. அதனால் கொஞ்ச காலம் மலம் இளகி, அடிக்கடி போகும். கீமோ (புற்றுநோய்க்கான மருந்து) வேண்டுமா என்பது எடுத்த துண்டின் லேப் ரிப்போர்ட் வந்த பிறகுதான் தெரியும்.

அந்த ஒரு வருஷத்தை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. 50 வயது தாண்டியவர்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில், கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடும் மலப் பரிசோதனை இருக்கிறது. "அதையெல்லாம் டப்பாவில் எப்படிக் கொண்டுபோறது" என்று சிரிப்பவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன். ரத்தம் கண்ணில் பட்டவர்கள் அதற்கும் காத்திருக்காமல் நேரே டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: வயிற்றில் மலம் சேரும் பை வைப்பார்களாமே? கோயிலுக்குப் போக முடியுமா?

பதில்: எல்லோருக்கும் இல்லை. ஆசனவாய்க்குக் கிட்டத்தில் தைத்தால், தையல் ஆறும்வரை வைப்பார்கள். பலருக்குச் சில மாதங்களில் மூடிவிடலாம். ஆசனவாயையே எடுத்தவர்களுக்கு நிரந்தரம். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள், பாரம் இழுத்தால் கழன்றுவிடும். சரியாக ஒட்டிய பையில் வாடை வராது. மற்றதை மாரியம்மன் பார்த்துக்கொள்வாள்.

கேள்வி: டாக்டர் தினமும் "காத்து போச்சா?" என்று மாமாவைக் கேட்கிறார். மருமகள் நான் பக்கத்தில் நிற்கும்போது அவர் எப்படிச் சொல்வார்?

பதில்: நீங்கள் வெளியே போய் நில்லுங்கள்மா! ஒப்பரேஷன் முடிந்ததும் குடல் தூங்கிவிடும். காத்து பிரிந்தால் விழித்துக்கொண்டது என்று அர்த்தம். வெட்கப்பட்டு "போச்சு" என்று பொய் சொன்ன ஐயா ஒருவர், வீட்டிலிருந்து வந்த நாசி லெமாக்கை (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிட்டு, வாந்தியெடுத்து, கடைசியில் மூக்கில் டியூபோடு படுத்திருந்தார். டாக்டர் சொல்கிற அளவில் தண்ணி, கஞ்சி என்று ஆரம்பியுங்கள். வலி மருந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு மறுநாளே நடக்கட்டும். குடலும் எழும், காலில் ரத்தம் உறையாமலும் இருக்கும்.

கேள்வி: செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டுகிறேன். எப்போ வேலைக்குத் திரும்பலாம்?

பதில்: ஒரு குலை 20 கிலோகூட வரும். ஆறு வாரமாவது பாரம் தூக்காதீர்கள். வயிற்றைத் திறந்து செய்திருந்தால் இன்னும் கூடுதல். சின்ன ஓட்டைகள் போட்டுக் கேமரா வழியாகச் செய்தால் வெளிக்காயம்தான் சின்னது, உள்ளே குடல் தையல் அதேதான். எம்சி (மருத்துவ விடுப்பு) முடிந்தாலும், டாக்டர் லெட்டரை மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) காட்டி இலகுவான வேலை கேளுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்தபின் எதற்குப் பயப்பட வேண்டும்?

பதில்: காய்ச்சல், கல்லாக உப்பிய வயிறு, நிற்காத வாந்தி, காத்தும் மலமும் அடைத்துப்போவது. உள்ளே தையல் கசிந்திருக்கலாம். நடுராத்திரி என்றாலும் 999 கூப்பிடுங்கள், விடியட்டும் என்று படுத்திருக்காதீர்கள்.