சாப்பிட்டதும் வயிறு உப்புகிறதா? சூரணத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: எனக்கு 38 வயது. கோவையில் அலுவலக வேலை. மதியம் கம்ப்யூட்டர் முன்னாலேயே பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடித்துவிடுவேன். நடுநடுவே டீ, பிஸ்கட். இரவுச் சாப்பாடு பத்தரை மணிக்கு. சில மாதங்களாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு உப்பி, ஏப்பமாக வருகிறது. ஆயுர்வேதத்தில் எந்தச் சூரணம் சாப்பிடலாம்? தயிரை நிறுத்த வேண்டுமா?

பதில்: முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். காரணமில்லாமல் எடை குறைவது, மலம் கறுப்பாகவோ ரத்தத்தோடோ போவது, விழுங்கச் சிரமம், அடிக்கடி வாந்தி, இவற்றில் எது இருந்தாலும் சூரணத்தைத் தேடாமல் உடனே மருத்துவரிடம் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது நெஞ்சை அடைத்து வியர்த்தால் அதை வாயு என்று ஒருபோதும் ஒதுக்காதீர்கள்.

இவை எதுவும் இல்லையா? சரி, உங்கள் சாப்பாட்டு நேரங்களைப் பார்ப்போம். பத்தரைக்குச் சாப்பிட்டு உடனே படுத்தால், காலையில் பசி வராது. பசியில்லாமலே இட்லி, பதினொரு மணிக்கு பிஸ்கட், ஒரு மணிக்குச் சோறு. முன்பு சாப்பிட்டது செரிக்கும் முன்பே அடுத்ததை உண்பதை ஆயுர்வேதம் ‘அத்யசனம்’ என்று தனியாகப் பெயரிட்டுக் கண்டிக்கிறது. பாதி வெந்த சோற்றில் புது அரிசியைப் போடுவது போலத்தான் இது. உங்கள் தொல்லைக்கு இதையே முதல் காரணமாகச் சந்தேகிக்கிறேன். செரித்துவிட்டது என்பதற்கு நூல்கள் சொல்லும் அடையாளங்கள் எளிமையானவை: பழைய சாப்பாட்டு வாசனை இல்லாத ஏப்பம், உடல் லேசாவது, உற்சாகம், உண்மையான பசி. அதனால் பிஸ்கட்டை முதலில் நிறுத்துங்கள். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கொண்டுவர முடியாவிட்டால், ஏழு மணிக்கு அலுவலகத்திலேயே இரண்டு இட்லியோ சப்பாத்தியோ சாப்பிட்டுவிட்டு, வீட்டில் ரசத்தோடு கொஞ்சம் சோறு மட்டும் போதும்.

அடுத்தது கம்ப்யூட்டர். ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதையில் ‘விமான ஸ்தானம்’ என்ற பகுதி உண்ணும் முறைகளைப் பட்டியலிடுகிறது. சூடாக, அளவாக, முன்பு உண்டது செரித்த பிறகு, அவசரமில்லாமல், ரொம்ப இழுக்காமலும், பேச்சும் சிரிப்பும் இல்லாமல் உணவிலேயே மனம் வைத்து உண்ண வேண்டும் என்கிறது. இதோடு அங்கே சொல்லப்படும் இன்னொன்று உங்களுக்கு முக்கியம். நல்ல உணவை அளவோடு சாப்பிட்டாலும் கவலை, துக்கம், பயம், கோபம், தூக்கக் கெடுதல் இருந்தால் அது செரிக்காது. மேலதிகாரியின் மெயிலைப் படித்துக்கொண்டே சாம்பார் சாதத்தை விழுங்கினால் வேறென்ன நடக்கும்? அவசரமாக விழுங்கும்போது காற்றும் கூடவே உள்ளே போகிறது. வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரியவே ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும் என்பதால், பத்து நிமிடச் சாப்பாட்டில் அளவும் கூடிவிடும்.

கேன்டீனில் பேசாமல் உட்காருவது கஷ்டம்தான். நண்பர்களோடு பேசிச் சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; வேலைப் பேச்சும் சண்டையும் மட்டும் வேண்டாம். போனைப் பைக்குள் வைத்துவிட்டு, முதல் ஐந்து கவளத்தையாவது வாயிலேயே கூழாகும்வரை மெல்லுங்கள். வேகம் தானாகக் குறையும். இன்னும் கொஞ்சம் சாப்பிடலாம் என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். இரைப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கே திட உணவு என்பது சரகரின் கணக்கு. தண்ணீரை நடுவே வாய் வாயாகக் குடியுங்கள், போதும். முடித்ததும் நாற்காலிக்குத் திரும்பாமல் நூறு காலடி நடங்கள். இதை இன்னொரு பழைய ஆயுர்வேத நூலான சுச்ருத சம்ஹிதையும் சொல்கிறது.

தயிரை இரவில் மட்டும் விடுங்கள். மதியம் நன்றாகக் கடைந்த நீர்மோர், சீரகமும் பெருங்காயமும் சேர்த்து.

இரண்டு வாரம் இப்படி இருந்தும் உப்புசம் தொடர்ந்தால் ஹிங்குவாஷ்டக சூரணம் பொருத்தமாக இருக்கும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இரண்டு வகைச் சீரகம், இந்துப்பு, பெருங்காயம் சேர்ந்தது. அரைத் தேக்கரண்டியை நெய்யில் குழைத்து முதல் கவளச் சோற்றோடு சாப்பிட வேண்டும். நெஞ்செரிச்சல், வயிற்றுப்புண், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் நேரில் வைத்தியரைப் பார்க்காமல் இதைத் தொட வேண்டாம். அவர்களுக்குச் சீரகம் கொதித்த நீரே போதும்.