'டைவிங்' என்பதற்குத் தமிழில் நல்ல சொல்லே இல்லையா?

இருக்கிறது. குளித்தல்.

சிரிக்க வேண்டாம். நீங்கள் ஏதோ மொழிபெயர்ப்பின் நடுவில் நின்று கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் தூத்துக்குடிக்காரன், இது எங்கள் வீட்டுச் சொல். முத்துக்குளித்தல், சங்கு குளித்தல் என்பதெல்லாம் சோப்புப் போட்டுக் குளிப்பதல்ல, மூச்சை அடக்கிக் கடலின் அடிவரை போய்த் திரும்புவது. 1961இல் எங்கள் ஊரில் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பில் தாத்தா இறங்கினார். அப்பா சங்கு குளித்தார்.

ஆறாம் வகுப்பில் ஒரு படிவத்தில், தந்தையின் தொழில் 'சங்கு குளித்தல்' என்று எழுதினேன். வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்த ஆசிரியர் அதை உரக்க வாசித்து, "குளிப்பதற்கு யாரடா கூலி கொடுக்கிறார்கள்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அதை அடித்துவிட்டு 'மீன்பிடி' என்று எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அன்று மாலை அப்பா மூக்கில் இரத்தம் உறைந்திருக்கக் கரைக்கு வந்தார். பத்து மீட்டர் இறங்கினாலே உடம்பின் மீது அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். சளி பிடித்திருந்தால் காது அடைத்துக்கொள்ளும். ஆனால் இறங்காத நாளுக்குக் கூலி கிடையாது. அவருக்கு இப்போது இடது காது கேட்பதில்லை. அந்தச் சொல்லை நான் அடித்ததை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

ஒலிம்பிக்கில் 10 மீட்டர் மேடையிலிருந்து குதிப்பது வேறு. அங்கே ஆழம் கணக்கில்லை. காற்றில் போடும் கரணத்துக்கும் தண்ணீர் தெறிக்காமல் நுழைவதற்கும்தான் மதிப்பெண். அதற்குப் 'பாய்தல்' போதும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றையே தேட வேண்டியதில்லை. குளியலறை நினைவுக்கு வருகிறது என்றால் 'முக்குளித்தல்' என்று எழுதுங்கள். குளத்தில் மூழ்கி மூழ்கி எழும் பறவைக்கு முக்குளிப்பான் என்றுதானே பெயர்? நான் இலக்கணம் படித்தவன் அல்லன். அகராதியோடு வருகிறவர்கள் திருத்தட்டும், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு இறங்கும் ஸ்கூபாவை 'ஆழ்கடல் நீச்சல்' என்று எழுதுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. பொழுதுபோக்காக இறங்குகிறவர்களுக்கு 40 மீட்டர்தான் எல்லை. அது ஆழ்கடலும் அல்ல, செய்வது நீச்சலும் அல்ல.

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சங்கு வங்காளத்துக்குப் போய் மணப்பெண்களின் வளையலாகிறது. கொல்கத்தாவில் ஒரு கடையில் ஒரு ஜோடியின் விலையைக் கேட்டுவிட்டு, எதுவும் வாங்காமல் வெளியே வந்தேன். அப்பாவின் காது வைத்தியத்துக்கு அம்மாவின் தாலிச் செயின்தான் அடகுக்குப் போனது.