காய்ச்சலில் பிள்ளைக்கு வெட்டு (வலிப்பு) வந்தால் வீட்டில் என்ன செய்யணும்? பிறகு அது வலிப்பு நோய் ஆகிவிடுமா?

ஒன்றரை வயசு, 10 கிலோ, காய்ச்சலில் ரெண்டு நிமிஷம் கை கால் வெட்டி இழுத்தது, தூங்கி எழுந்து பழையபடி விளையாடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். காய்ச்சல் வலிப்பு போலத்தான் தெரிகிறது. 6 மாதத்திலிருந்து 5 வயசுக்குள் நூற்றில் 2 முதல் 5 பிள்ளைகளுக்கு இது வரும். இப்படிச் சுருக்கமாக வந்துபோகும் வெட்டு மூளையைக் கெடுப்பதில்லை. சுற்றி நிற்கிறவர்கள் பதறிப்போய்ச் செய்வதுதான் பயம்.

பல்லைக் கடிக்கிறான் என்று கரண்டியைத் திணித்தால் பல் உடைந்து மூச்சுக்குழாய்க்குள் போகும். சங்கில் மருந்தோ தண்ணீரோ புகட்டினால் நுரையீரலுக்குள் இறங்கும். கையில் சாவி கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. சாவியைத் தேடுகிற நேரத்தில் பிள்ளை மல்லாக்கக் கிடந்து எச்சில் புரையேறுகிறது. சூடத்தைத் தேய்க்கவே கூடாது, சின்னப் பிள்ளைகளுக்குச் சூடமே வலிப்பை உண்டாக்கும். வேப்பெண்ணெய் உள்ளுக்குக் கொடுத்தாலும் அப்படித்தான்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தரையில் பாய் விரித்து இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அரைஞாண், சட்டைப் பொத்தான் இறுக்கமாக இருந்தால் தளர்த்துங்கள். உடனே மணியைப் பாருங்கள், பதற்றத்தில் ஒரு நிமிஷம் பத்து நிமிஷமாகத் தோன்றும். இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். ரெண்டு பக்கமும் இழுத்ததா, ஒரு பக்கம் மட்டுமா என்று டாக்டருக்கு அதில் தெரிந்துவிடும்.

5 நிமிஷம் தாண்டினால் 108-ஐக் கூப்பிட்டு, வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரே கொடுங்கள். கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் கணக்கு. 10 கிலோவுக்கு 2 மில்லிகிராம். ஒரு அழுத்தத்துக்கு 0.5 மில்லிகிராம் வரும் பாட்டில் என்றால் மூக்குத்துளைக்கு ரெண்டாக நாலு அழுத்தம். 1.25 மில்லிகிராம் பாட்டிலும் கடையில் உண்டு, அதனால் எத்தனை அழுத்தம் என்று டாக்டரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திசையன்விளை, களக்காடு பக்கத்திலிருந்து திருநெல்வேலி பாளையங்கோட்டையில் உள்ள ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு வர வெகுநேரம் ஆகும். அங்கே இருப்பவர்கள் வீட்டில் இதை வாங்கி வைத்திருப்பது அவசியம்.

பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை. உங்கள் பிள்ளைக்கு 150 மில்லிகிராம்: 5 மில்லிக்கு 250 என்று போட்ட சிரப்பில் 3 மில்லி, 1 மில்லிக்கு 100 என்று போட்ட சொட்டு மருந்தில் 1.5 மில்லி. சிரப்பின் 3 மில்லி கணக்கில் சொட்டு மருந்தை ஊற்றினால் அளவு இரட்டிப்பாகிவிடும். இந்த மருந்து காய்ச்சல் அலுப்பைக் குறைக்கும், வெட்டைத் தடுக்காது. ஆகவே நேரத்துக்கு மருந்து கொடுக்காததால்தான் வந்தது என்று தாயைக் குற்றம் சொல்லாதீர்கள்.

மூன்றில் ஒரு பிள்ளைக்குத் திரும்ப வரும். வலிப்பு நோயாக மாறுவது நூற்றில் ஒன்றிரண்டுதான். தடுப்பூசியை நிறுத்த வேண்டாம். மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. சோதனை இதற்குப் பெரும்பாலும் தேவைப்படாது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், இரும்புச்சத்துக் குறைவுள்ள பிள்ளைகளுக்கு இது கூடுதலாக வருகிறது.

முதல் தடவை வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டியாக வேண்டும். ஒன்றரை வயசுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் இருந்தாலும் கழுத்து விறைக்காமல் இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலோ, 24 மணி நேரத்துக்குள் மறுபடி வந்தாலோ, ஒரு மணி நேரம் ஆகியும் பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்காமல் மயங்கியே கிடந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே கிளம்புங்கள்.