கரி படிந்த பைன்கள்

வணக்கம் ஐயா,

வேலை விஷயமாக ஸ்பெயின் போனவன், தெனெரிஃபே தீவையும் எட்டிப் பார்த்தேன். எரிமலையைச் சுற்றியுள்ள பைன் காடு ஏமாற்றிவிட்டது. மரங்களின் அடியெல்லாம் கரி. கொடி இல்லை, குரங்கு இல்லை, வரிசையாக நட்ட தோட்டம் மாதிரி இருந்தது. நம் கடற்கரைச் சவுக்கும் இதுதானே? பாதையை விட்டு இறங்கவும் கூடாதாம். செத்த காட்டுக்கு இவ்வளவு பாதுகாப்பா? படங்கள் இணைத்துள்ளேன்.

வாசகர், பட்டர்வொர்த்

தம்பி,

முதலில் சவுக்கு. அது பைனே அல்ல, பூக்கும் மர வகை. அதில் ஊசியாகத் தெரிவது இலையல்ல, மெல்லிய கிளை. நீங்கள் பார்த்த கேனரி பைனில் இருப்பதுதான் நிஜமான ஊசியிலை. கொத்துக்கு மூன்று, ஓர் அடி வரைகூட நீளும்.

அந்த நீளத்தில்தான் விஷயம் இருக்கிறது. நம் பினாங்குக் கொடிமலையில் காலை மூடுபனியில் நடந்தால் மழையில்லாமலே மூக்குக் கண்ணாடி நனையும் அல்லவா? தெனெரிஃபேயின் வடக்குச் சரிவில் கடற்காற்று கொண்டுவரும் மேகத்தை அந்த ஊசிகள் அப்படித்தான் பிடித்துச் சொட்டுச் சொட்டாக இறக்குகின்றன. அந்த நீரும் மழைநீரும் எரிமலைப் பாறைக்குள் இறங்குகின்றன. ஊர்க்காரர்கள் மலைக்குள் சுரங்கம் குடைந்து அந்த நிலத்தடி நீரை எடுக்கிறார்கள். குரங்கு இல்லாவிட்டால் என்ன!

வரிசையாக நட்டது போல் பட்டது சரிதான். ஸ்பானியர்கள் தீவைப் பிடித்த பிறகு கட்டுமானத்துக்கும் தார் போன்ற கீலுக்கும் காட்டை வெட்டித் தள்ளினார்கள். 1940களிலிருந்துதான் பெரிய அளவில் திரும்ப நட்டார்கள். இன்று அது 3,715 மீட்டர் தெய்தே எரிமலையைச் சுற்றிய வளையம். அவர்கள் வைத்த பெயர் 'கொரோனா ஃபோரெஸ்தால்', காட்டுக் கிரீடம். (நமக்கு அந்தச் சொல் வேறு எதையோ நினைவூட்டுகிறது, போகட்டும்.)

அப்புறம் அந்தக் கரி. 2023 ஆகஸ்டில் அங்கே பெரிய காட்டுத்தீ. பெரும்பாலான பைன்கள் முழுக்கக் கருகினால் அதோடு முடிந்தது. இது தடித்த பட்டைக்குள் உயிரை வைத்துக்கொண்டு, அடிமரத்திலிருந்தே மறுபடி துளிர்க்கும். முதலில் வரும் தளிர் பச்சையாக இருக்காது, நீலச்சாம்பலாக இருக்கும். பார்த்துப் பழகாத கண்ணுக்குப் பூஞ்சை படிந்தது போலத் தெரியும்.

நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில் இடப்பக்க மரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆள் உயரத்துக்கு மேலே, கரிப்பட்டையை ஒட்டி, அந்த நிறத்தில் ஒரு கொத்து இருக்கிறது.

அன்புடன்.